அப்பள வெயிலில் பாசி

எங்கள் தாராவி சந்தில் வெயில் ஒரு அவசர விருந்தாளி. மதியம் வாசலில் ஒரு பாய் அகலத்துக்கு விழும், கொஞ்ச நேரத்தில் எழுந்து போய்விடும். அந்த இடம் அம்மாவுடையது. அங்கே கூடையைக் கவிழ்த்து அதன்மேல் அப்பளம் காயவைத்துத்தான் என்னை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தாள். நான் என்ன செய்தேன்? அதே இடத்தில் ஐந்து கண்ணாடி ஜாடிகளைக் கொண்டுவந்து வைத்தேன்.

காலேஜ் பிராஜெக்ட். ஒவ்வொரு ஜாடிக்கும் நடுவில் தடுப்பு. ஒரு பக்கம் நாலா என்கிற சாக்கடைக் கால்வாயில் அள்ளிய சேறு. அதிலுள்ள கிருமிகள் கழிவைத் தின்று மின்சாரம் தரும். மறுபக்கம் பச்சைப் பாசி. வெயில் பட்டால் அது விடும் பிராணவாயுதான் அந்த மின்சாரத்தை ஓட வைக்கும். ஐந்தையும் கம்பியால் கோத்து ஒரு பல்பு, மின்சாரத்தை அளக்க ஒரு மீட்டர். விளக்கத்தை முழுக்கக் கேட்ட அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஒரு வாரமா அப்பளம் நமத்துக் கிடக்கு. இன்னைக்கு லைட்டு எரியலன்னா இந்தச் சாக்கடைய நானே நாலாவுல கொட்டிருவேன், பாத்துக்கோ.”

நான் கும்பிடாத சாமி இல்லை. ஆனால் செய்தி சந்து முழுக்கப் பரவிவிட்டது. வெயில் விழுந்ததும் ஜாடிகளைச் சுற்றிக் கூட்டம். மாடியில் பேக் தைக்கும் மாமா முன்வரிசையில் குந்தினார்.

“ஏ பிள்ள, இதுல மிக்ஸி ஓடுமா?”

மீட்டரில் எண் ஏறவில்லை, இறங்கியது. இறங்க இறங்க எல்லோரும் இன்னும் குனிந்து பார்த்தார்கள். குனியக் குனிய இன்னும் இறங்கியது. பாசி முழுக்கத் தலைகளின் நிழல். “தள்ளுங்க, வெயில மறைக்கீங்க!” என்று கத்தினேன். ஒவ்வொருவரும் பக்கத்தில் நின்றவரைத் தள்ளினாரே தவிர, யாரும் நகரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போது சந்து முனையில் ஒரு குரல்: “தண்ணி வந்துட்டு!”

அவ்வளவுதான். ஆளுக்கொரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பறந்தார்கள். அம்மாவும் ஓடினாள். வாசலில் நானும் ஜாடிகளும் வெயிலும் மட்டும். எண் மெல்ல மெல்ல ஏறியது. கடுகளவு சிவப்பு பல்பு மினுக்கென்று எரிந்தது.

“அம்மா! எரியுது!”

குழாய் வரிசையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அம்மா வந்தாள், காலிக் குடத்தோடு. வாசலுக்கு நாலடி தள்ளியே நின்றுவிட்டாள்.

“கிட்ட வாம்மா.”

“வேண்டாம்ட்டி. நான் வந்தா வெயில் மறைஞ்சிரும். இங்கயிருந்தே நல்லாத் தெரியுது.”

அன்று எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. மறுநாள் வாசலில் பாதி இடம் கூடைக்கு, பாதி ஜாடிகளுக்கு. பேக் மாமா மறுபடி குனிய வந்தபோது அம்மா ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, மறுகையால் பூரிக்கட்டையை ஓங்கினாள்.

“அண்ணாச்சி, தள்ளி நில்லுங்க. பாசி வேல பாக்குல்லா!”