தொந்தியின் கழுத்துப்பட்டை

அந்தத் தெருவில் டெய்லரக்கா தைத்த சட்டை கிழிந்ததாகச் சரித்திரமே கிடையாது. போட்டவர்கள்தான் கிழிந்து போனார்கள். ஒரு புயலில் ஓடெல்லாம் பறந்தபோது, கொடியில் தொங்கிய அவள் தைத்த உள்பாவாடைதான் ஒரு வீட்டையே இழுத்துப் பிடித்து நிறுத்தியதாம். பிள்ளைகளின் துணி என்றால் இரண்டு விரற்கடை உள்ளே மடித்து விட்டுத்தான் தைப்பாள். "வளர்ற உடம்பு, பின்னால பிரிச்சு விட்டுக்கலாம்" என்பாள்.

அவள் கடை வாசலில் ஒரு தெருநாய் கிடக்கும். பன்னிரண்டு வீட்டு மிச்சத்தையும் ஒண்டியாகத் தின்று தீர்த்ததால் தொந்தி என்று பெயர். எலும்பும் தோலுமாக அது வந்து சேர்ந்த புதிதில், நாய் பிடிக்கும் வண்டி தெருவுக்குள் நுழைந்தது. கழுத்தில் பட்டை இருந்தால் வீட்டு நாய் என்று விட்டுவிடுவார்கள். பக்கிள் தேட நேரமில்லாமல், பழைய ஜீன்ஸ் துணியை நறுக்கி நாயின் கழுத்திலேயே வைத்துக் கைத்தையல் போட்டுவிட்டாள். நாலு வரிசை. யானை இழுத்தாலும் பிரியாது.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம், பக்கத்து வீட்டு ஏழு வயது வாலு, கடை வாசலில் வீலென்று அலறினாள். மணிக்கட்டில் நாலு பல் பதிந்திருந்தது. அவள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தெரு கூடிவிட்டது.

"சோறு போட்டு வளத்தது நீங்கதானே?" என்றார் மளிகைக்காரர்.

"நானா? நீங்கதான்யா பிஸ்கட்டா போட்டு அதைப் பீப்பா ஆக்குனீங்க!" என்றாள் மாடி வீட்டுக்காரி.

நாய் பிடிப்பவர் வந்தார். "பட்டை இருக்கே, யாரு நாய் இது? சொந்தக்காரங்க இருந்தா பத்து நாள் வீட்லயே கட்டி வச்சுப் பாக்கலாம். இல்லன்னா இன்னிக்கே முடிச்சிருவோம்."

எல்லோரும் டெய்லரக்காவைப் பார்த்தார்கள். ஆமாம் என்றால் வாலுவின் அம்மா முகத்தில் எப்படி விழிப்பது?

"என்னோடது இல்ல" என்றாள்.

அவள் குரல் கேட்டதும் தொந்தி வாலை ஆட்டியது. வண்டிக் கதவைச் சாத்தினார்கள்.

பொழுது சாய, கையில் கட்டோடு அம்மா இடுப்பில் உட்கார்ந்து வந்தாள் வாலு.

"தொந்தி எங்கக்கா? அது சும்மா கடிக்கல. பட்டை கழுத்துக்குள்ள போய் ஒரே புண்ணு. உங்க கத்தரிக்கோலால வெட்டி விடப் பாத்தேன். வலிச்சிருச்சு போல."

"கடிச்ச நாய்க்கு வக்காலத்தா? பேசாம இருடி" என்றாள் அம்மா.

நாய் கொழுத்துக்கொண்டே வந்தது. பட்டை அதே அளவில் நின்றது. தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் துணி விட்டுத் தைத்தவள் அதற்கு மட்டும் விடவில்லை. செருப்பை மறந்து நாய்க் கொட்டடிக்கு ஓடினாள்.

"அது என் நாய்தான்" என்றாள், மூச்சிரைக்க.

நாய் பிடிப்பவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா." மேஜை மேலிருந்த பட்டையை நீட்டினார். "அறுக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. என்ன தையல்டா சாமி!"

ஒரு வாரம் கழித்து அம்மா வாலுவைக் கூட்டி வந்தாள். "புதுச் சட்டை வேணும்க்கா. கொஞ்சம் தாராளமாவே வையுங்க, வளர்ற பொண்ணு."

தோளை அளந்தாள், கையை அளந்தாள். கழுத்தில் நாடாவைச் சுற்ற மட்டும் டெய்லரக்காவுக்குக் கை எழவில்லை.