பூனை வளர்த்த வைத்தியச்சி

சலவைக்கடையில் அவளைப் பூனை என்று கூப்பிடுவார்கள். வருவதும் தெரியாது, போவதும் தெரியாது என்று முதலாளியம்மா வைத்த பெயர். இஸ்திரி மேசையிலிருந்து நீராவி புஸ்ஸென்று கிளம்பின பிறகுதான், "ஓ, பூனை வந்தாச்சா" என்பார். அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

சட்டை தேய்ப்பதில் அவளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காலர், பிறகு தோள், அப்புறம் கை, கடைசியில்தான் உடம்பு. உடம்பை முதலில் தேய்த்தால் கைக்கு வரும்போது எல்லாம் மறுபடி கசங்கிவிடும். அவசரப்பட்டு ஒரு பயனும் இல்லை. வீட்டுக்குப் போய்க் கணினிக்கு முன்னால் உட்கார்ந்தாலும் அவள் ஆடுவது இதே மாதிரிதான்.

அது கணினியில் ஆடுகிற பெரிய ஆட்டம். காடு, மலை, குகை, கோட்டை என்று ஒரு முழு உலகம். எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் ஆளுக்கொரு உருவம் எடுத்துக்கொண்டு ஒரே நேரத்தில் அதற்குள் திரிவார்கள். மிருகங்களையும் கொள்ளைக்காரர்களையும் அடிக்க அடிக்க உருவத்துக்கு லெவல் ஏறும். அவளுக்கு இதைக் காட்டிக் கொடுத்தது அண்ணன். அம்மா படுக்கையில் விழுந்து, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று அவள் பள்ளிக்கூடத்தை விட்ட சமயம் அது. அம்மா தூங்கும் நேரத்துக்கு ஒரு துணையாக இருக்கட்டும் என்று பழைய கணினியைக் கூடத்து மூலையில் வைத்து, வாள்வீரன் ஒருவனை உண்டாக்கிக் கொடுத்தான். பிறகு அண்ணன் கப்பலில் எந்திர அறை வேலைக்குப் போனான். அம்மாவும் போய்ச் சேர்ந்தாள். வாள்வீரன் இருந்தான்.

அவனை உச்ச லெவல் வரைக்கும் தனியாளாகவே ஏற்றினாள். வாள்வீரனுக்கு வேண்டியது பொறுமை. ஒரு சண்டை முடிந்ததும் உட்கார்ந்து ரொட்டி தின்று, காயம் ஆறின பிறகுதான் அடுத்ததற்கு எழ வேண்டும். அவன் முடிந்ததும் வில்லுக்காரியை எடுத்தாள். அவளுக்கு ஓர் ஓநாய் துணை. ஓநாய் முன்னால் போய் அடி வாங்க, இவள் பின்னால் நின்று அம்பு விடலாம். நேரத்துக்குக் கறி போடாவிட்டால் அது முறைத்துக்கொண்டு போய்விடும். அடுத்து மந்திரக்காரி. தொட்டால் உடைகிற கண்ணாடி. எதிரியின் காலைப் பனியில் உறைய வைத்து, பின்வாங்கி, நெருப்பை எறிந்து, மறுபடி உறைய வைக்க வேண்டும். பக்கத்தில் வர விட்டால் கதை முடிந்தது.

யாரை எடுத்தாலும் ஒரு விதியை அவள் மீறியதில்லை. கொள்ளைக்காரர் கூடாரத்துக்கு நடுவில் போய் நிற்கக்கூடாது. ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஒருவனை மட்டும் இழுத்துக்கொண்டு வர வேண்டும்.

இன்னொரு விதியும் இருந்தது. யாராவது எதிரே வந்து, "சேர்ந்து போகலாமா?" என்ற கேள்வி திரையில் முளைத்தால், அவள் பதில் சொல்லாமல் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஒருமுறை ஒரு குள்ளன் மரத்துக்குப் பின்னாலும் தேடிக்கொண்டு வந்துவிட்டான். அவள் கணினியையே அணைத்துவிட்டாள்.

கடைசியாக மிச்சமிருந்தது வைத்தியச்சி. கூட்டத்தோடு போய் மற்றவர்களின் காயத்தை ஆற்றுவதற்கென்றே ஏற்பட்ட உருவம் அது. அதைத் தனியாக வளர்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அவள் அடிக்கிற அடி, விளக்குமாற்றுக் குச்சியால் எருமையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். ஒரு காட்டுப்பன்றி சாய்வதற்குள் டீ ஆறிவிடும். ஆனாலும் பூனைக்கு அவளைத்தான் பிடித்திருந்தது. முதல் நாளே ஆட்டத்தின் அமைப்புப் பக்கத்துக்குள் போய் எல்லாவற்றையும் தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொண்டாள். அடிபட்டால் ஒரு விசையைத் தட்ட வேண்டியதுதான், மேலே பச்சை வெளிச்சம் விழும், காயம் ஆறிவிடும். மற்ற உருவங்கள் எத்தனையோ தடவை செத்திருக்கின்றன. செத்தால் சுடுகாட்டில் ஆவியாக எழுந்து, உடம்பு கிடக்கும் இடம் வரைக்கும் நடந்து போய் உயிரை வாங்கிக்கொள்ள வேண்டும். வைத்தியச்சி மட்டும் ஒருமுறைகூடச் சாகவில்லை.

அந்த நிலைமையில்தான் அண்ணி வீட்டுக்கு வந்தாள்.

கல்யாணமான கையோடு அண்ணன் கப்பலுக்குத் திரும்பிவிட்டான். வீட்டில் பெண்கள் இரண்டு பேர். அண்ணி வாய் ஓயாதவள். பீன்ஸ் நறுக்கினால் பீன்ஸோடு பேசுவாள், குழாயில் தண்ணீர் நின்றால் குழாயோடு சண்டை போடுவாள். ஆரம்பத்தில் பூனைக்கு, சின்ன வீட்டுக்குள் ஒரு ஊர்வலம் நுழைந்துவிட்டது போல இருந்தது. கணினியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டாள்.

அண்ணி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இந்தப் பன்னி என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கேட்பாள்.

"சும்மாதான் அண்ணி."

"நேத்தும் இதேதானே?"

"அது வேற."

"சரி. பன்னிக்கு இருக்கற மரியாதைகூட எனக்கு இல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

நாள் போகப் போக, கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, உள்ளேயிருந்து வருகிற பேச்சுச் சத்தத்துக்குப் பூனையின் காது தானாகவே திரும்ப ஆரம்பித்தது. மேசையில் அவளுக்கென்று ஒரு தம்ளர் டீ, தட்டு போட்டு மூடியிருக்கும். அவள் அதை எடுத்துக் குடிப்பாள். நல்லாருக்கு என்று சொல்ல வேண்டுமென்று தோன்றும். சொல்வதற்குள் டீ தீர்ந்துவிடும்.

ஒரு நாள் மாலை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே அண்ணி தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா, குறையெல்லாம் ஒண்ணுமில்ல. நல்ல பொண்ணுதான். சாப்பிட்டீங்களான்னு கேப்பா, அதோட கடைய மூடிடுவா. நான் பேசிப் பேசி எனக்கே என் குரல் அலுத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை கிளம்பி வந்துடறேன். அவர் வர்ற வரைக்கும் அங்கயே இருக்கேன்."

அண்ணன் வருவதற்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடந்தது. அம்மா போன பிறகு இந்த வீடு எப்படி இருந்ததென்று பூனைக்குத் தெரியும். அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தால் கதவைத் திறக்கவே கை வரவில்லை.

மறுநாள் கடையில் ஒரே சட்டையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தாள்.

"பூனை, அந்தக் காலருக்கு மூச்சு முட்டுது. விடு" என்றார் முதலாளியம்மா. "என்ன, வீட்ல ஏதாவதா?"

"ஒண்ணுமில்லம்மா. அண்ணி ஊருக்குப் போறாங்க."

"போகட்டுமே. அவங்க போறது உனக்குப் பிடிக்கலன்னா இருங்கன்னு சொல்லு. வாய் இருக்குல்ல?"

போகாதீங்க என்ற ஒரு சொல்லை அவள் நாள் முழுக்க வாய்க்குள் வைத்து உருட்டினாள். வீட்டுக்கு வந்தபோது அண்ணி பெரிய பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். பூனையின் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"அண்ணி, ஒரு ஆட்டம் ஆடலாமா?"

அண்ணி துணியோடு நிமிர்ந்தாள். "யாரு, நானா? உன்கூடவா?"

"உங்க லேப்டாப்ல ஏத்திக்கலாம். நான் சொல்லித் தரேன்."

"இரு, உக்காந்துக்கறேன். நீ ஒரே மூச்சுல இவ்வளவு பேசி நான் பாத்ததில்ல."

அண்ணன் வாங்கிக் கொடுத்த லேப்டாப்பைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அண்ணி எதையும் யோசிக்கவில்லை. இருக்கிறதிலேயே பெரிய கோடாலி வைத்திருந்த பெண்ணை எடுத்தாள். பூனை தன் வைத்தியச்சியை அவளோடு தொடக்கக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே வாசல் பக்கம் திரிகிற எலிகள் எல்லாம் வைத்தியச்சிக்குத் தூசு. ஆனால் நேற்றுப் பிறந்த கோடாலிக்காரிக்கு அப்படியில்லை. குகையின் ஆழத்தில் இருக்கிற ராட்சசர்களோ அசந்தால் வைத்தியச்சியையே சாய்த்துவிடுவார்கள்.

"நீங்க அடிங்க. காயம் பட்டா நான் ஆத்திடுவேன். ஓரமா நிக்கற ஒண்ண மட்டும் மெதுவா..."

அண்ணி ஏற்கனவே நடுக் கும்பலுக்குள் பாய்ந்திருந்தாள். எலிகள் நாலா பக்கமும் மொய்த்தன. பூனை விசையைத் தட்டினாள். உயிர் எவ்வளவு மிச்சமென்று காட்டுகிற அண்ணியின் உயிர்க்கோடு இறங்கியது. மறுபடி தட்டினாள். இன்னும் இறங்கியது. கை பழகின வேகத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். கோடாலிக்காரி குப்புற விழுந்தாள்.

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை அண்ணி தன் திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவள் திரையைப் பார்த்தாள்.

"ஏன்டி, அந்தப் பச்சை வெளிச்சம்தானே மருந்து?"

"ஆமா."

"அது உன் தலையிலதானே விழுது."

பூனை பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லாத வைத்தியச்சியின் மேல் வெளிச்சம் மழை மாதிரி கொட்டிக்கொண்டிருந்தது. காலடியில் அண்ணி செத்துக் கிடந்தாள்.

"நீ கல்யாண வீடு மாதிரி ஜொலிக்கிற. நான் எலிக்குத் தீனியாயிட்டேன்" என்று அண்ணி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "பரவால்ல விடு. உனக்குத் தனியா இருந்துதான் பழக்கம். நான்தான் நடுவுல வந்து நிக்கறேன்."

லேப்டாப்பை மூடிவிட்டு உள்ளே போனாள். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது.

பூனை அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடுவில் இருந்தது. எந்த மருந்தானாலும் தன் மேலேயே விழட்டும் என்று ஒரு கட்டம். முதல் நாள் அவள் போட்ட டிக். கூட ஆள் வரவே மாட்டார்கள் என்றிருந்ததால் அதை அப்புறம் அவள் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. டிக்கை எடுத்துவிட்டு எழுந்து, அறை வாசலில் போய் நின்றாள்.

அண்ணி புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அது வேணும்னு பண்ணல. தனியா ஆடறப்போ வச்ச வசதி. அது இருந்தா யாரைக் காப்பாத்தப் போனாலும் மருந்து எனக்கே வந்துடும். நான் மறந்துட்டேன். இப்ப எடுத்துட்டேன்." மூச்சு வாங்கியது. "நீங்க போடற டீ நல்லாருக்கு. ஊருக்குப் போகாதீங்க."

அண்ணி கையில் இருந்த புடவையை மடக்காமல் அவளையே பார்த்தாள்.

"டீயா? இத்தனை மாசம் கழிச்சா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன்."

"நல்லா இருந்த." அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன்டி. போகலன்னா அழுவாங்க. போறது போறதுதான்."

பூனை தலையை ஆட்டினாள். அவள் திரும்புவதற்குள் அண்ணி பெட்டியிலிருந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

"அந்த நீலப் பையை எடு. ஒரு வாரத்துக்கு இது எதுக்கு, சவப்பெட்டி மாதிரி. லேப்டாப்பைக் கொண்டு போறேன். அந்த எலிங்களுக்கு நான் பாக்கி வச்சிருக்கேன்."

ஞாயிற்றுக்கிழமை பூனையே நீலப் பையைத் தூக்கிக்கொண்டு போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீடு அமைதியாகத்தான் இருந்தது. டீயை அவளே போட்டுக்கொண்டாள். வைத்தியச்சியைக் குகை வாசலில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். திரையில் கேள்வி முளைத்தது. "சேர்ந்து போகலாமா?" பக்கத்தில் மரம் ஒன்று இருக்கத்தான் செய்தது. அவள் ஆமாம் என்பதை அழுத்தினாள். கூடவே போன் அடித்தது.

"ஸ்பீக்கர்ல போடு" என்றாள் அண்ணி. "அம்மா, சத்தம் போடாதீங்க, நாங்க வேலையா இருக்கோம். போலாமா நாத்தனாரே?"

"இன்னைக்காவது ஓரமா நிக்கறத..." என்று ஆரம்பித்தாள் பூனை.

"ஓரமா நிக்க நீ இருக்க" என்று அண்ணி எலிகளைத் தாண்டி, உள்ளே இருந்த குகை ராட்சசனிடமே போய் விழுந்தாள்.

பூனை தட்டினாள். பச்சை வெளிச்சம் கோடாலிக்காரியின் தலையில் விழுந்தது. உயிர்க்கோடு ஏறியது. மறுபடி இறங்கியது, மறுபடி ஏறியது. அண்ணி அங்கே ஏதேதோ கத்திக்கொண்டிருந்தாள். பூனையின் கண் அந்த ஒரு கோட்டை விட்டு நகரவில்லை. ராட்சசன் சாய்ந்தான். அதே நொடியில் இவள் திரை சாம்பல் நிறமானது.

இத்தனை நேரம் முதுகில் அடித்துக்கொண்டிருந்த இரண்டாவது ராட்சசனை அவள் கவனிக்கவேயில்லை. தனக்கு மருந்து போட வேண்டுமென்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை. அவளைச் சாய்த்துவிட்டு அந்த ராட்சசன் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

"என்னடி இது" என்றது போன். "நான் நிக்கறேன், நீ விழுந்து கிடக்க."

"செத்துட்டேன் அண்ணி" என்றாள் பூனை. சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. போனில் அண்ணியும் சிரித்தாள், பின்னால் அவள் அம்மா யார் செத்தது என்று பதறிக்கொண்டு கேட்டார்.

"இப்ப என்ன பண்ணணும்?"

"சுடுகாட்டுலேர்ந்து நடந்து வரணும். தூரம். நீங்க வெளியில போய் இருங்க, அவன் திரும்ப வந்தா..."

"வந்தா பாத்துக்கறேன். நான் இங்கயே உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். நீ மெதுவா வா."

வைத்தியச்சியின் ஆவி மலைப்பாதையில் நடக்கத் தொடங்கியது. பூனை ஒரு கையால் டீயை எடுத்துக் குடித்தாள். அண்ணி போடுகிற மாதிரி வரவில்லை. அதைப் போனில் சொன்னாள்.