மிஷின் இல்லை, தொட்டி

மலேசியாவில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் எனக்குச் சொந்தமாக ஒரு கிரில் பட்டறை இருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவன் கட்டிய பட்டறை. அந்த வட்டாரத்தில் எந்தத் தாமான் குடியிருப்புக்குள் நுழைந்தாலும் என் கை படாத வாசற்கதவைப் பார்ப்பது அபூர்வம். கோயில் கொட்டகைக்கு இரும்புத் தூண் நிறுத்தியவன் நான். தொழில் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. கண்ணுக்குப் போடக் கண்ணாடி இல்லாமல் வெல்டிங் நெருப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றேன். என் வீட்டை நானே கட்டினேன். இரண்டு பிள்ளைகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தேன். இதையெல்லாம் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். ஆனால் பத்து வயதில் நான் உருவாக்கியது ஒரு பாட்டு என்று சொன்னால் மட்டும் சிரிக்கிறார்கள்.

பேத்தியும் அப்படித்தான் சிரித்தாள். ஜொகூர் பாருவில் கல்லூரி படிக்கிறாள். விடுமுறை நாளில் என் பட்டறை ஆபீசில் குளிர்சாதனத்துக்கு அடியில் உட்கார்ந்து, கைப்பேசியில் புதுப்பாட்டு தேடுவதுதான் அவள் வேலை. சினிமாப் பாட்டு அல்ல. யாரென்றே தெரியாத பிள்ளைகள் தங்கள் அறைக்குள் உட்கார்ந்து பாடிப் போடுகிற பாட்டு. ஊர் கேட்பதற்கு முன் தான் கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரு வெறி. இதற்கு இண்டி என்று பேராம். கம்பெனி இல்லை, முதலாளி இல்லை, எல்லாம் சொந்த முயற்சி என்று விளக்கினாள். அப்படியென்றால் நானும் இண்டிதான் என்றேன்.

ஒருநாள் மூவார் பக்கத்துப் பெண் ஒருத்தி பாடியது என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினாள். குரல் எங்கோ பனிக்குள்ளிருந்து வந்தது. சொல் முடிந்த பிறகும் அதன் நிழல் நின்றுகொண்டிருந்தது. என் கையிலிருந்த கோப்பி ஆறிப்போனது. "இது ட்ரீம் பாப் தாத்தா" என்றாள். கனவில் கேட்கிற மாதிரி இருக்குமாம். இந்தப் பெண் தொட்டிக்குள் நின்று பாடியிருக்கிறாள் என்றேன். "அலமாக், தாத்தா, அது சாப்ட்வேர் லா" என்று சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நாங்கள் அப்போது காஹாங்குக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். இன்று அங்கே எங்கும் செம்பனை. லயத்து வரிசையில் எங்கள் வீடு கடைசி வீடு. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான என் அத்தை. அத்தைக்கு அப்போது இருபது வயதுகூட இருக்காது. தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மாரியம்மன் கோயில் பஜனையில் ஹார்மோனியம் வாசிப்பதும் அவள்தான்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ஜொகூர் பாருவில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் திறந்த காலம் அது. பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் சிலர் அங்கே போய் விடுதியில் தங்கி வேலை செய்தார்கள். தானும் போகிறேன் என்று அத்தை அப்பாவிடம் கேட்டாள். தாய் தகப்பன் இல்லாத தங்கச்சியை ஊர் பேர் தெரியாத இடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்று அப்பா முடித்துவிட்டார். முடித்ததோடு நிற்காமல் மாப்பிள்ளையும் பார்த்தார். மாப்பிள்ளை சொந்த லோரி வைத்திருந்தார். பரிசம் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. அத்தை ஜொகூர் பாருவை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்பாவிடம் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த ஒரு பெட்டி இருந்தது. அம்மா பூப்போட்ட துணி தைத்து அதை மூடி வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை பகலில் புதுக்குரல்களுக்கென்று ஒரு நிகழ்ச்சி வரும். யார் வேண்டுமானாலும் பாடிக் கேசட்டில் பிடித்து அனுப்பலாம். நானும் அத்தையும் ஒரு வாரமும் விட மாட்டோம். யார் மேலே வருவார்கள் என்று பந்தயம் கட்டுவோம். பாதிப் பேர் சினிமாக் குரலைக் காப்பியடிப்பார்கள். அத்தை உதட்டைப் பிதுக்குவாள். எங்கேயோ ஒருத்தி சொந்தமாகப் பாட்டுக் கட்டிப் பாடினால் என் கையைப் பிடித்து அழுத்துவாள். "இவ வருவா பாரு" என்பாள்.

அப்படிக் கேட்டுக் கேட்டு அத்தையும் ஒரு பாட்டுக் கட்டினாள். அதை எங்கே வைத்துப் பிடிப்பது என்பதுதான் சங்கடம். வீட்டில் முயன்று பார்த்தோம். பாட்டுக்கு நடுவே கோழி கூவியது. அடுத்த வீட்டில் குழாய்த் தண்ணீருக்குச் சண்டை. கோயிலில் பிடிக்கலாம் என்றால் பூசாரி காதில் விழும், பூசாரி காதில் விழுந்தது தோட்டம் முழுக்க விழும்.

இங்கேதான் நான் வருகிறேன். ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் பின்னால், காட்டோரம், கைவிடப்பட்ட ஒரு சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி தரையோடு நின்றது. வீடு மாதிரி உயரம். பக்கத்தில் ஆள் நுழைய ஒரு வாய், மேலே வட்டமாக ஒரு திறப்பு. பள்ளிக்கூடம் பிடிக்காத நாளில் எனக்கு அதுதான் பள்ளிக்கூடம். உள்ளே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்துவேன். தொட்டி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும். வெளியே ஒரு பயல் என் பெயரை அவ்வளவு மரியாதையாகச் சொன்னதில்லை. அந்தத் தொட்டியை வேறு யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன். அத்தைக்குக் காட்டினேன்.

"டேய், இங்க யாரும் வர மாட்டாங்கல்ல?"

"பாம்புகூட வராது அத்தை."

அப்பா காஹாங் டவுனுக்குப் போன ஒரு பிற்பகலில் கோயில் ஹார்மோனியத்தைச் சாக்கில் சுற்றி நான் தூக்கினேன். அப்பாவின் பெட்டியை அத்தை மடியில் கட்டிக் குழந்தை மாதிரி கொண்டு வந்தாள். பெட்டியைப் பக்கத்தில் வைத்துப் பாடியபோது சத்தம் தகரத்துக்குள் தவளை கத்துவது போல இருந்தது. அத்தைக்கு முகம் விழுந்துவிட்டது. நான் யோசித்தேன். சத்தம் மேலே ஏறி அங்கேதான் சுற்றுகிறது, அதனால் பெட்டியும் மேலே இருக்க வேண்டும். கிணற்றுக் கயிற்றைக் கொண்டு வந்து பெட்டியைக் கட்டி, தொட்டியின் தலையில் ஏறிப் படுத்துக்கொண்டு, திறப்பு வழியாகப் பாதி உயரத்துக்கு இறக்கிப் பிடித்தேன். அந்தக் கயிறு அறுந்திருந்தால் அப்பா என்னை உயிரோடு விட்டிருக்க மாட்டார். மூச்சை அடக்கிக்கொண்டேன். கீழே அத்தை பாடினாள்.

பஸ்ஸு வரும் நேரம் பனி விலகும்,
பனி விலகும் முன்னே நானிருக்க மாட்டேன்.

ஹார்மோனியம் ஒரே சுரத்தில் இழுத்துக்கொண்டே நின்றது. அதன் மேல் அவள் குரல் ஆவி மாதிரி எழுந்து வந்து என் முகத்தில் பட்டது. பள்ளிக்கூடப் பஸ்ஸைத் தவற விட்டவர்களைப் பற்றிய பாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கேசட் பிடித்தோம். ஒன்றை அனுப்பினாள், ஒன்றைத் தன் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். பேர் சொல்ல வேண்டாம், ஜொகூரிலிருந்து ஒரு குரல் என்று மட்டும் போதும் என்று எழுதியிருந்தாள். வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடும், மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் மாரியாத்தா மேல் சத்தியம் வாங்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடுத்த வாரம் பாடப்போகிறவர்களைச் சொல்லும்போது அந்த ஜொகூர்க் குரலையும் சொன்னார்கள். மாப்பிள்ளை வீட்டார் தேதி குறிக்க எப்போது வரட்டும் என்று கேட்டிருந்தார்கள். அத்தை அம்மாவிடம், அடுத்த ஞாயிறு பகலிலேயே வரச் சொல்லுங்கள் என்றாள். வாய் திறந்து தங்கச்சி சம்மதம் சொல்லிவிட்டாள் என்று அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா. வெற்றிலையும் பழமும் வைத்த தாம்பாளத்தை நடுவில் வைத்தார்கள். அப்பா பெட்டியின் துணியை எடுத்து, விருந்தாளிகளுக்காக ரேடியோவைத் திறந்து வைத்தார். அது எங்கள் லயத்து வழக்கம். பேச்சு லோரியைப் பற்றிப் போய்க்கொண்டிருந்தபோது அத்தையின் பாட்டு வந்தது. ஆனால் யாருக்கும் குரல் அடையாளம் தெரியவில்லை. தொட்டி அந்தக் குரலை அப்படி மூடி வைத்திருந்தது. அப்பாவுக்கே தெரியவில்லை.

"பாட்டு ஒரு தினுசா இருக்கே" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"தூக்கத்துல பாடுற மாதிரி இருக்கு" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "யாரு வீட்டுப் பொண்ணோ. ரேடியோ வரைக்கும் போயி பாடுது. வீட்டுல கேக்க ஆளு இல்ல போல. நம்ம குடும்பத்துக்கு இதெல்லாம் ஆகாதுப்பா."

நான் வாயை இறுக்கிக்கொண்டேன். சத்தியம் இருக்கிறதே. கண்டம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்போது தேத்தண்ணீர்த் தட்டோடு வந்த அத்தை, தேதி குறிக்க வந்த சபையில் பெண் பேசக் கூடாது என்று தெரிந்தவள், யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"இந்தச் சத்தம் மட்டும் எப்படி இப்படி வருது?"

மாப்பிள்ளைக்குச் சந்தோஷம். கால் மேல் கால் போட்டுக்கொண்டார். "அது மிஷின். சிங்கப்பூர்ல பெரிய மிஷின் இருக்கு. நான் லோரி கொண்டு போறப்ப பாத்திருக்கேன். அந்த மிஷின் இல்லாம இந்தச் சத்தம் வராது."

"மிஷின் இல்ல" என்றேன்.

"சின்னப் பையன், உனக்கு என்னா தெரியும் லா."

என்னால் முடியவில்லை. நீங்களே சொல்லுங்கள், நான் கயிறு பிடித்துத் தோல் உரிந்த கைக்கு, சிங்கப்பூர் மிஷின் என்று ஒருவர் பேர் வைத்தால் எப்படிப் பொறுப்பது? "மிஷின் இல்ல, தொட்டி. ஸ்டோருக்குப் பின்னால இருக்கற பழைய தொட்டி. நான்தான் கண்டுபுடிச்சேன். பெட்டியக் கயித்துல கட்டித் தொங்கவிட்டதும் நான்தான். வேணும்னா அத்தையக் கேளுங்க, அவங்கதானே பாடுனாங்க."

ரேடியோவில் பாட்டு முடிந்து அறிவிப்பாளர் பேசிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். கொண்டு வந்த தாம்பாளத்தைத் தானே தூக்கிக்கொண்டார். தேத்தண்ணீரை ஒருவரும் தொடவில்லை.

அவர்கள் போன பிறகு அப்பா இடுப்பு வாரை உருவினார். ஓர் அடிதான் விழுந்திருக்கும். அத்தை நடுவில் வந்து நின்றாள். "அவன விடுங்க அண்ணா. பாடுனது நான்." அப்பா வாரைக் கீழே வைத்துவிட்டு, ரேடியோவின் மேல் துணியைப் போட்டு மூடினார். துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினார், மறுபடியும் நேராக்கினார்.

ரேடியோவில் பாடிய பெண் என்று பேர் பரவிய பிறகு எந்தத் தோட்டத்திலிருந்தும் பெண் கேட்டு யாரும் வரவில்லை. இனி இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது என்று அப்பாவே தொழிற்சாலைக்கு ஆள் எடுப்பவரைப் பார்த்து வந்தார். ஒரு விடியற்காலை அத்தையின் இரும்புப் பெட்டியைச் சாலை வரை அவரே தூக்கி வந்து பஸ்ஸில் ஏற்றினார். "ராத்திரி கதவத் தாப்பாப் போட்டுப் படு" என்றார். அதற்குப் பிறகு ஞாயிறு பகலில் அவர் தனியாக அந்த நிகழ்ச்சியைக் கேட்பார், சத்தத்தைக் குறைத்து வைத்து.

அத்தை பஸ்ஸிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுகையை மறைக்கத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். என் வாயால் அவளை ஊரைவிட்டே அனுப்பிவிட்டார்கள், ஆனாலும் கோபப்படவில்லையே, எவ்வளவு நல்ல அத்தை என்று வெகுநாள் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அவள் ஜொகூர் பாருவிலேயே இருந்து சூப்பர்வைசராகி, வீடு வாங்கி, தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டு, இப்போது ஓய்வில் இருக்கிறாள். பேத்தி சிரித்தாள் என்றேனே, அந்தக் கோபத்தில் அவளை அத்தை வீட்டுக்கு அழைத்துப் போனேன். அத்தை உள்ளே போய் அந்த இரண்டாவது கேசட்டை எடுத்து வந்தாள். அதைக் கேட்ட பேத்தி மறுபடியும் போடச் சொன்னாள். அவளும் சிநேகிதிகளும் அந்தக் குரலுக்குக் கீழே கித்தார் சேர்த்து, போன மாதம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். யாரென்றே தெரியாத பிள்ளைகள் கேட்டுவிட்டு, இந்தப் புதுப்பாடகி யார் என்று கேட்கிறார்களாம். எழுபது வயது தாண்டிய என் அத்தை புதுப்பாடகி.

பாட்டுக்கு அடியில் பேர்களைப் பார்த்தேன். குரல், அத்தை. ஹார்மோனியம், அத்தை. கித்தார், இன்னொரு பிள்ளை. என் பேர் இல்லை. அத்தை எதிரிலேயே பேத்தியிடம் நியாயம் கேட்டேன்.

அத்தை சொன்னாள்: "அவன் பேரப் போடும்மா. தொட்டிக்குக்கூட இல்ல, அன்னைக்கு வாயத் தொறந்தான் பாரு, அதுக்கு. எங்க அண்ணன் முகத்தப் பாத்து அந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. ஆனா அவன் செஞ்ச வேலைக்கு இன்னொருத்தன் பேர வாங்கிட்டா அவன் பொறுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். சத்தியம் வாங்குனது அவன் சொல்லாம இருக்கறதுக்கு இல்ல. நான் கேக்கற வரைக்கும் சொல்லாம இருக்கறதுக்கு."

அன்றைக்குச் சபையில் அவள் கேட்ட கேள்வி என் வாயைத் திறக்கக் கேட்ட கேள்வி என்று எனக்கு இத்தனை வயதில்தான் விளங்கியது. பத்து வயதில் ஒரு பாட்டைத்தான் உருவாக்கினேன் என்று நினைத்திருந்தேன்.

எனவே பேத்திக்கும் அவள் சிநேகிதிகளுக்கும் எழுத்து மூலமாகவே சொல்லிவிடுகிறேன். தொட்டி என்று ஒரு வரி, அதற்கு நேராக என் பேர். கயிறு பிடித்தது என்று ஒரு வரி, அதற்கும் என் பேர். வாயைத் திறந்தது என்று மூன்றாவதாக ஒரு வரி வேண்டும், அதற்கும் என் பேர்தான். அதை அத்தையின் பேருக்குப் பக்கத்தில் போட வேண்டும், எழுத்து அவள் பேரைவிடச் சின்னதாக இருக்கக் கூடாது.