ஒரு மருவுக்கு எவ்வளவு உப்பு?

தை மாதம், இரண்டாவது ஞாயிறு, மாலை ஆறு மணி. கனடாவிலிருந்து மகள் கண்மணி வீடியோ காலில் வந்தாள். அங்கே அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மரம், கார், கூரை... எல்லாம் வெள்ளை. சத்தமே இல்லாத ஊர். வாசற்படியில் நின்று, காபி கப்பிலிருந்து எதையோ தூவினாள் — கோலப்பொடி போல.

"உப்புப்பா. பனி இறுகிட்டா வழுக்கி விட்டுரும்."

"ஒரு கப் போதுமா?"

"இதுக்கு மேல வேணாம்னு டவுன்ல சொல்லியிருக்காங்க. ரோட்டுல தூவுற லாரிக்கே அளவு உண்டு. என்னைக்கு, எங்க, எவ்வளவுன்னு எழுதி வைக்கணும். எல்லாம் கரைஞ்சு ஏரிக்குத்தான போகுது? அதைத்தான குடிக்கிறோம்!"

தேதி போட்டு உப்பைக் குறித்து வைக்கும் ஊரா? நாற்பது வருட டைரிக்காரனான எனக்கு அங்கேயே குடியேறிவிடலாம் போலிருந்தது.

போனை வைத்த பிறகுதான் உறுத்தியது. முந்தின வெள்ளிக்கிழமை, அன்னவாசல் பக்கம் இருக்கும் எங்கள் ஊர் ஊருணியில் இரண்டு பாக்கெட் கல்லுப்பைக் கரைத்திருந்தேன். உப்பு கரைவதுபோல என் கழுத்து மருவும் கரைய வேண்டும் என்று வேண்டுதல். தை வெள்ளிகளில் எல்லோரும் செய்வதுதான். அந்தத் தண்ணீரைத்தான் ஊரே குடிக்கிறது.

பழைய டைரிகளைப் புரட்டினேன். 'ஊருணி கரிக்கிறது' என்ற வரி முன்பெல்லாம் ஆனியில் வரும். பிறகு வைகாசி. போன வருடம்... பங்குனி. வெயிலும் காரணம்தான், உப்பும்தான். எழுதியவன் நான். ஏன் என்று ஒரு தடவைகூடக் கேட்டுக்கொள்ளாதவனும் நானே.

மறுநாள் காலை, ஊருணிக்கரையில் டீக்கடை வைத்திருக்கும் மலர்க்கொடியிடம் டைரிகளோடு போனேன். போன பங்குனியில் தண்ணீர் கரித்ததும் கடையை மூடியவள், ஐப்பசி மழைக்குப் பிறகுதான் திறந்தாள். கனடாக் கதையைச் சொன்னேன்.

"ஏஞ் சித்தப்பா, ஒங்க மரு மொளகு தண்டிதான இருக்கு? அதுக்கு ரெண்டு பாக்கெட்டா? சாமி என்ன ஊறுகாயா போடப் போகுது?"

அதுவே சட்டமாகிவிட்டது. அடுத்த வெள்ளி, படித்துறையில் மலர்க்கொடியே நின்றாள். வந்த பாக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொண்டு, மரு அளவுக்கு ஒரே ஒரு கல் எடுத்துக் கையில் கொடுத்தாள். மிச்சம் கோயில் அன்னதானத்துக்கு. முனகியவர்களிடம் என் டைரியை நீட்டினாள்.

நானும் ஒரு கல் போட்டேன். வானம் படுத்திருந்த தண்ணீரில் சின்ன வட்டம்... விரிந்து, விரிந்து, எதிர்க்கரையைத் தொடும் முன்பே காணாமல் போனது. கண்மணியின் வாசலிலும் அந்நேரம் ஒரு கப் உப்பு மெல்லக் கரைந்துகொண்டிருக்கும்.

இன்று பங்குனி கடைசி நாள். மலர்க்கொடி கடை திறந்திருக்கிறது. டீ கரிக்கவில்லை.

மரு? அது அப்படியே இருக்கிறது!