மங்கை அக்காவின் இரண்டு தீவுகள்

அறிவித்தலில் மங்கை அக்காவின் பெயர் சரியாக இருந்தது. படமும் அவருடையதுதான். மற்றதெல்லாம் பொய். காலையில் காரின் மேல் உறைந்து கிடந்த பனியைச் சுரண்டிக்கொண்டு நின்றபோது கைபேசி அதிர்ந்தது. "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், லண்டன், ரொறன்ரோ ஆகிய இடங்களை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மங்கையர்க்கரசி அவர்கள் காலமானார்" என்று வாட்ஸ்அப்பில் வந்து விழுந்திருந்தது. முதல் நாள் மாலைதான் அவரோடு கதைத்திருந்தேன். ஸ்ரௌவ்வில் நகரில் தான் இருந்த வீட்டின் பேஸ்மென்டில், நித்திரையிலேயே போயிருக்கிறார். அழுகை வர முன்னர் எனக்குக் கோபம் வந்தது. அவரை அறிந்தவர்கள் அதற்காக என்னைக் குறைசொல்ல மாட்டீர்கள். அவர் இருந்து வாசித்திருந்தால் அவருக்கும் அதுதான் வந்திருக்கும்.

மங்கை அக்கா பிறந்தது யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவில். வாழ்ந்தது ஸ்கொட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவில். அங்கே இருந்த ஒரேயொரு கடையை அவரும் கணவர் சந்திரண்ணையும் நடத்தினார்கள். லண்டனில் அவர் விமானம் மாறியிருக்கிறார், அவ்வளவுதான். இரண்டு தீவையும் துடைத்துவிட்டு லண்டனைப் போட்டவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். சந்திரண்ணையின் தமையனார்தான். பெயர் வேண்டாம். எப்போதும் ஏதாவதொரு சங்கத்துக்குத் தலைவராக இருப்பவர், அப்படி அழைக்கப்படுவதை விரும்புகிறவர். நானும் தலைவர் என்றே எழுதுகிறேன்.

தீவுப் பகுதிச் சனத்தை நம்மவர்கள் 'தீவார்' என்று வாயின் ஒரு பக்கத்தால் இளக்காரமாகச் சொல்லும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. தம்பி நெடுந்தீவில் பெண் எடுத்தது தலைவருக்குக் கடைசிவரை செரிக்கவில்லை. தம்பி ஸ்கொட்லாந்தில் கடை எடுத்தபோது, "தீவாளைக் கட்டினவன் தீவுக்கே போய்ச் சேர்ந்திட்டான்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாராம். இதை மங்கை அக்காவும் சிரித்துக்கொண்டுதான் எனக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் தொழிற்சாலையில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். அவருக்குக் கார் இல்லை. நான்தான் ஏற்றி இறக்குவேன். முதல் நாளே நான் காரை நிறுத்தியதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, திருப்பி விடும். காத்துக்கு முகத்தைக் குடுத்து விடவேணும்" என்றார். அவருடைய தீவில் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், கதவு கையோடு போய்விடுமாம். பின்னால் நின்றவன் ஹோர்ன் அடிக்க அடிக்க நான் திருப்பி விட்டேன். "அங்கை ஸ்னோ கனக்கவோ அக்கா?" என்று கேட்டேன். ரொறன்ரோக்காரர் எல்லோரும் அவரிடம் கேட்பது அதைத்தான். "ஸ்னோவோ? அது விழுந்தா நிக்க வேணுமே. காத்து எங்கை நிக்க விடுது" என்றார்.

அந்தக் காற்றில் படகு வராத நாட்களைப் பற்றித்தான் அவர் அதிகம் கதைப்பார். மத்தியானம் கழியவே இருட்டிவிடும். கரண்டும் போய்விடும். கடையில் பாணும் பாலும் முடிந்துகொண்டு வரும். கடைசிப் பாணுக்கு வருகிறவர் அதைப் பாதியாக வெட்டித் தரச் சொல்வாராம், மற்றப் பாதி அடுத்த ஆளுக்கு என்று. இறங்குதுறையில் மறிபட்டு நிற்கிறவர்களுக்குக் காஸ் அடுப்பில் சோறும் உருளைக்கிழங்குச் சொதியும் வைத்துக் கொடுப்பார். மீன்பிடிகாரர் பதிலுக்கு நண்டு கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுப் போவார்கள். "நெடுந்தீவிலும் வாடைக்காத்துக்குப் படகு ஓடாதுதானே. எனக்கு அங்கை ஒண்டும் புதுசா இருக்கேல்லை. சொதியிலை உறைப்பை மட்டும் குறைச்சனான்" என்பார்.

அப்படியொரு காற்று நாளில்தான் சந்திரண்ணைக்கு மாரடைப்பு வந்தது. படகும் இல்லை, ஹெலிகொப்டரும் வர முடியவில்லை. அவர் போனபிறகும் காற்று ஓயவில்லை. தகனம் செய்வதென்றால் கடல் கடந்து பெரிய நிலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மங்கை அக்கா தலைவருக்குத் தொலைபேசி எடுத்தார். "பொறு. கப்பல் வந்தாப் பிறகு கொண்டுபோய் எரி. புதைச்சியெண்டா எங்கடை குடும்பத்திலை ஒருத்தரும் உன்னோடை கதையாயினம்" என்றார் தலைவர். "அண்ணை, அதுமட்டும் அவரை நான் எங்கை வைச்சிருக்கிறது?" என்று இவர் கேட்டார். மற்றப் பக்கத்தில் தலைவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தீவின் தச்சர் பெட்டி செய்து கொடுத்தார். ஆண்கள் இரண்டிரண்டு பேராகத் தோள் மாற்றிச் சுமந்து மழையில் நடந்தார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளை இரத்த உறவுகள் ஆளுக்கொன்றாகப் பிடிப்பது அந்த ஊர் வழக்கம். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய ஆளுக்கு. அங்கேயும் முன்னாட்களில் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லையாம். ஆனாலும் படகுக்காரக் கிழவர் ஒருவர் அந்தக் கயிற்றைக் கொண்டுவந்து இவருடைய கையில் வைத்துவிட்டார். "ஒருத்தரும் ஒரு கதையும் கதைக்கேல்லைத் தங்கச்சி. நான் பிடிச்சு இறக்கினனான்" என்பார் மங்கை அக்கா. இதைச் சொல்லும்போது மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கதை ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தபோது, "கொள்ளி வைச்சு எரிக்கவேண்டியவனை மண்ணுக்குள்ளை போட்டவள், தானே கயிறு பிடிச்சவளாம்" என்று ஆகிவிட்டது. குடும்பத்தில் ஒருவரும் வருடக்கணக்காக அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை. பிறகு தலைவரின் தாயார் படுக்கையில் விழுந்தார். கழுவித் துடைக்க ஆள் தேவைப்பட்டபோது தம்பி பெண்சாதியின் நினைவு வந்தது. தாயாரைப் பராமரிக்கும் விசாவில் கூப்பிட்டு பேஸ்மென்டில் வைத்தார்கள். மாமி தன்னைப் பெயர் சொல்லிக் கேட்டார் என்றபடியால்தான் வந்தாராம். கடையை விற்றுவிட்டு வந்தார். மாமியைக் கடைசி மட்டும் பார்த்தார், அதற்குப் பிறகுதான் தொழிற்சாலை வேலைக்கு வந்தார். விருந்தாளிகள் வந்தால், "லண்டனிலையிருந்து வந்தவ" என்று அறிமுகப்படுத்துவார்கள். இவர் உடனே, "இல்லை, தீவிலையிருந்து" என்று திருத்துவார். மேலே வரவேண்டாம் என்று பிறகு சொல்லிவிட்டார்கள்.

"விட்டுத் தள்ளுங்கோ அக்கா, மன்னிச்சிடுங்கோ" என்று நானும் ஒருமுறை புத்தி சொன்னேன். "அவர் ஒருக்கா எண்டாலும் வந்து கேக்கட்டுமன். பிறகு யோசிப்பம்" என்றார். தலைவர் கேட்கவில்லை. ஆகவே மங்கை அக்கா மன்னிக்காமலே போனார். அவரைப் பற்றி அஞ்சலி எழுதுகிறவர்கள் 'எல்லோரையும் மன்னித்த பெருந்தன்மை' என்று எழுதாமல் இருக்கவே இதைச் சொல்கிறேன்.

அவருடைய ஆசை ஒன்றே ஒன்று. சந்திரண்ணைக்குப் பக்கத்தில் போய்க் கிடக்க வேண்டும். "பெட்டியோடை கொண்டுபோறது கரைச்சல். என்னை எரிச்சு, ஒரு பையிலை போட்டுக்கொண்டு போம்" என்று பகிடிபோல் சொன்னார். பகிடியல்ல. வக்கீலிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போய், தன் சாவுக்குப் பிறகு எல்லாப் பொறுப்பும் என்னுடையதென்று சட்டப்படி எழுதிவைத்தார்.

ஆகவே இறுதிச்சடங்கு மண்டபத்தில் எல்லா இடத்திலும் கையெழுத்துப் போட்டது நான்தான். தலைவருக்கு அது பரம திருப்தி. "உந்தக் கடுதாசி அலுவலெல்லாம் நீர் பாத்தது பெரிய உதவி தங்கச்சி" என்றார். பிறகு மேடையேறி, தம்பியோடு லண்டன் மாநகரில் சீரும் சிறப்புமாக வாழ்ந்த குலவிளக்கு என்று உருகினார். நான் முன்வரிசையில் இருந்து கேட்டேன். பேசட்டும் என்று விட்டேன். சாம்பல் வந்தவுடன் போய் எடுத்துக்கொண்டேன்.

அந்தியேட்டிச் சடங்குக்குத் தலைவர் றிச்மண்ட் ஹில்லில் மண்டபம் எடுத்திருந்தார். ஐயருக்குச் சொல்லி, ஏரிக்கரையில் சாம்பல் கரைக்க ஒழுங்கு பண்ணி, சாம்பலை எடுக்கப் போனபோதுதான் உரியவர் கொண்டுபோய்விட்டார் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வந்த சனம் வடை சாப்பிட்டுவிட்டுப் போனது. மங்கை அக்கா என் வீட்டில் இருந்தார். அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தை மறைக்கப் போவதில்லை.

பின்னேரம் தலைவர் தொலைபேசி எடுத்தார்.

"தங்கச்சி, உது எங்கடை குடும்ப விசயம். எங்கை கொண்டுபோகப் போறீர்?"

"சந்திரண்ணையிட்டை. தீவுக்கு."

"எந்தத் தீவுக்கு?"

நெடுந்தீவா மற்றதா என்று கேட்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் விளங்கியது. "உங்கடை தம்பியைத் தாட்ட தீவின்ரை பேரை நீங்கள் சொல்லுங்கோ அண்ணை. சொன்னா எண்டைக்கு வாறதெண்டு நான் சொல்லுறன். நீங்களும் வரலாம்" என்றேன். கூடப்பிறந்த தம்பி கிடக்கும் இடத்தின் பெயர் அந்த மனிதருக்குத் தெரியாது. இந்த முறை தொலைபேசியை நான் வைத்தேன்.

காற்று அடங்கப் படகு ஓடும், அக்காவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தத் தீவின் பெயரை மட்டுமே. அவர் அதை உங்கள் எல்லோரிடமும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக நான் அதை இங்கே எழுதவில்லை. தலைவர் வந்து கேட்டாலும் சொல்லமாட்டேன்.