பார்த்தும் சொல்லாத ஒரு நிமிடம்

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், கண்டியில் நான் வேலை பார்க்கும் பயிற்சி மண்டபத்தில் நடந்தது இது. பிறந்தவுடன் மூச்சு விடாத பிள்ளைக்கு மூச்சு வரவைப்பது எப்படி என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க, அங்கே தாதிமாருக்குப் பயிற்சி நடக்கும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஹந்தானை மலையிலிருந்து இறங்கி வந்து உட்காரக் கதிரை போடுவேன், தேத்தண்ணீர் கொடுப்பேன், பயிற்சிப் பொம்மைகளைக் கழுவுவேன்.

நான் சேர்ந்த பிறகு கம்பளையிலிருந்து ஒருவர் அதே வேலைக்கு வந்தார். சிரித்துச் சிரித்துப் பேசுவார். மூன்றே மாதத்தில், பயிற்சி நடத்தும் டொக்டர் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பொம்மையைப் பிடித்துக் காட்ட முன்னால் அழைத்தார். குழுப் படத்திலும் நிற்க வைத்தார். அந்தப் படத்தை எடுத்தது நான்தான். ஃபோனை என் கையில் கொடுத்து, "அண்ணே, ஒரு தட்டு தட்டுங்க" என்றார் அவர். என்னை ஒரு நாளும் யாரும் அப்படி நிற்க வைத்ததில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பயிற்சி முடிவில் தாதிமாருக்கு வைக்கும் பரீட்சைக்கு முந்தின நாள், பிள்ளையின் முகத்தில் வைத்து அழுத்தும் காற்றுப் பைகளை அவர் கழுவி, பாகங்களைச் சேர்த்துப் பூட்டினார். ஒன்றில் வால்வைத் தலைகீழாகப் போட்டிருந்தார். அப்படியிருந்தால் காற்று பிள்ளைக்குப் போகாது. பார்த்தேன். சொல்லவில்லை. டொக்டரிடம் மாட்டி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆனால் மறுநாள் அந்தப் பை தெல்தோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு தாதியின் கைக்குப் போனது. தேறினால்தான் அவர் தன் ஆஸ்பத்திரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க முடியும். ஒரு நிமிடத்துக்குள் பொம்மையின் நெஞ்சு எழும்ப வேண்டும். அழுத்தினார். எழும்பவில்லை.

"முகத்தோட ஒட்டிப் பிடிங்க மிஸ். முப்பது செக்கன் போயிருச்சு" என்றார் டொக்டர்.

தாதி இன்னும் ஒட்டிப் பிடித்து அழுத்தினார். கோளாறு எங்கே என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான். தேத்தண்ணீர்த் தட்டோடு சுவரோரம் நின்றேன். கூச்சத்தால் வாய் வரவில்லை என்று சொல்லலாம். ஆனால் அது கூச்சம் இல்லை.

"நிமிஷம் முடிஞ்சுது. பிள்ளை போயிருச்சு, மிஸ்" என்றார் டொக்டர்.

தாதி அழுதுவிட்டார். டொக்டர் பையை வாங்கி உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பார்த்தார். காற்று கையில் முட்டவில்லை. "இதை யாரு பூட்டினது?"

கம்பளைக்காரர் உடனே முன்னால் வந்தார். "நான்தாங்க டொக்டர். அண்ணன்கிட்ட காட்டாம வச்சிட்டேன். அவரு கண்ணுல பட்டிருந்தா விட்டிருக்க மாட்டாரு."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குத்தானே அத்தனை நாள் ஏங்கினேன்!

"பட்டுச்சுங்க" என்றேன். "நேத்தே பட்டுச்சு." தேத்தண்ணீர்த் தட்டைக் கீழே வைத்தேன்.

டொக்டர் அந்தப் பையை ஓரமாக வைத்தார். தாதியிடம் வேறு பையைக் கொடுத்து மறுபடியும் செய்யச் சொன்னார். பொம்மையின் நெஞ்சு எழும்பியது. தாதி தேறிவிட்டார்.

சாயங்காலம் பஸ் நிலையத்தில் கம்பளைக்காரர் என் பக்கம் வந்து நின்றார். "என்மேல கோவம்னா என்னை ஏசியிருக்கலாமே அண்ணே. அந்த மிஸ் என்ன செஞ்சாங்க?" என்றார்.

இப்போதும் டொக்டர் அவரைப் பெயர் சொல்லி அழைக்கும்போது எனக்குள் எரியத்தான் செய்கிறது. ஆனால் அவர் பூட்டி வைக்கும் ஒவ்வொரு பையையும் என் உள்ளங்கையில் அழுத்திப் பார்க்கிறேன். காற்று கையில் முட்டும்வரை அந்த ஒரு நிமிடம் எனக்குள் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.