பிந்தி ஊதிய விசில்

பத்திரிகை வேலை பறிபோன வருடம்தான் கால்பந்து நடுவர் பயிற்சிக்குப் போனேன். விளையாட்டின் மேல் ஆசை என்று சொல்ல முடியாது. மாவட்டப் பதிப்பை மூடிவிட்டார்கள். மேசையைக் காலிசெய்துவிட்டு எருத்தேன்பதிக்குத் திரும்பிய பிறகு, காலையில் எழுந்து செய்ய ஒன்றும் இருக்கவில்லை. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டவர்களிடம் இல்லை என்றேன். அது பொய்யும் அல்ல. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டால் கன்னம் இருக்கும், இருப்பது மட்டும் தெரியாது. அந்த மாதிரி இருந்தேன்.

பக்கத்துப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருப்பவரை ஊரில் எல்லாரும் மாஷ் என்பார்கள். டீக்கடையில் என்னைப் பார்த்து, "சும்மாதானுங்க இருக்கறீங்க. சின்னப் புள்ளைக ஆட்டத்துக்கு விசில் ஊத ஆளே இல்ல. வந்து ஊதுங்க" என்றார். மறுக்கவும் ஒரு காரணம் வேண்டும். என்னிடம் இல்லை.

பாலக்காட்டில் ஒரு வகுப்பறையில் ஞாயிறுதோறும் பயிற்சி. கல்லூரிப் பையன்களும் ஒரு பஸ் கண்டக்டரும் என்னோடு படித்தார்கள். விதிகள் எனக்குச் சிரமமாக இல்லை. பிழை திருத்துகிறவன் படிப்பதுபோலப் படித்தேன், எழுத்துத் தேர்வில் தேறினேன். மைதானத்தில்தான் சிக்கல். விபத்தை நேரில் பார்த்திருந்தாலும் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டு, இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் எழுத வேண்டும் என்று பழக்கப்பட்டவன் நான். அந்தப் பழக்கம் விசிலுக்கும் வந்துவிட்டது. ஒருவன் இன்னொருவனை இடித்தால் விழுந்தவன் முகத்தைப் பார்ப்பேன், பிறகு இடித்தவன் முகத்தைப் பார்ப்பேன். ஊதும்போது பந்து வேறெங்கோ போயிருக்கும். செய்தி நாளைக்கு வரட்டும், விசில் இன்றைக்கே வர வேண்டும் என்று பயிற்சியாளர் மலையாளத்தில் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்ததாக நினைக்கிறேன்.

தனியாக நடத்தக் கிடைத்த முதல் ஆட்டம் பதினான்கு வயதுக்குட்பட்ட பெண்களுடையது. எங்கள் பஞ்சாயத்து அணியும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அணியும். பள்ளி மைதானத்தில் மூன்று பக்கமும் தென்னந்தோப்பு. கிழக்கே திறந்திருந்ததால் காற்று பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்தது. கோட்டுக்கு வெளியே கொடி பிடிக்க மாற்று ஆட்டக்காரிகள் இருவர் நின்றார்கள். பந்து வெளியே போனால் காட்டுவது மட்டும் அவர்கள் வேலை. ஆஃப்சைடை நான்தான் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஆஃப்சைடு என்ற சொல்லுக்கே மதிப்பில்லை. இங்கே எல்லாரும் ஆடி வளர்ந்தது செவன்ஸ், அறுவடை முடிந்த வயலில் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் ஆட்டம். அதில் ஆஃப்சைடு கிடையாது. எதிரணி கோலுக்குப் பக்கத்திலேயே ஒருவர் காத்திருந்து, வருகிற பந்தைத் தட்டி உள்ளே விடலாம். அதைக் கெட்டிக்காரத்தனம் என்பார்கள். பதினொருவர் ஆட்டத்தில் பந்து அடிபடும் கணத்தில் கோல்கீப்பரைத் தவிர எதிரணியினர் எல்லாரையும் தாண்டி நின்று அதை வாங்கினால் கோல் செல்லாது.

ஆட்டம் தொடங்கும் முன் ஒருவர் என்னிடம் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். கடலையும் தென்னையும் வைத்திருக்கும் விவசாயி. எங்கள் அணியில் ஏழாம் எண் சட்டை போட்டவள் அவர் மகள்.

"சார், எம்புள்ளைய நல்லாப் பாத்துக்கங்க."

"எல்லாரையும் ஒரே மாதிரிதானுங்க பாக்கணும்."

"அதுக்கில்லீங்க. பாலக்காட்டுல ஞாயித்துக்கெழம கோச்சிங்குக்குக் கூப்புடறாங்க. ஊட்டுல ஒத்துக்க மாட்டீங்கறா. இத்தன நாளு ஓடறாளே, ஒரு கோலாச்சும் போட்டாளாங்கறா. இன்னிக்கு ஒண்ணு போட்டா கோச்சிங்கு, இல்லீன்னா டியூசனுன்னு சொல்லிப்போட்டா. நா வாயத் தொறக்க முடியாதுங்."

கேட்டுக்கொண்டேன். விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடுக்கோட்டுக்குப் போனேன்.

அவள் உண்மையிலேயே வேகமாக ஓடினாள். இரண்டாம் பாதியின் கடைசி வரை கோல் விழவில்லை. பிறகு நடுவிலிருந்து ஒருத்தி உயரமாக அடித்தாள். பந்து காலை விட்டுக் கிளம்பிய கணத்தில் ஏழாம் எண் எல்லாரையும் தாண்டி நின்றாள். அவளுக்கு முன்னால் கோல்கீப்பர் மட்டும்தான். தெளிவாகப் பார்த்தேன். பார்த்த பிறகும் கொடி பிடித்தவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கொடியை அக்குளில் இடுக்கிக்கொண்டு தலைமுடியைக் கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பினால் பந்து வலையில் இருந்தது. பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். வேட்டிக்காரர் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

அப்போது ஊதினேன்.

ஆஃப்சைடுக்காக எதிரணிக்கு ஃப்ரீகிக் கொடுக்கும்போது நடுவர் ஒரு கையை மேலே தூக்கி, பந்தை அடித்து இன்னொருத்தி தொடும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். தூக்கினேன். தோப்புப் பக்கமிருந்து பேச்சு வந்தது.

"ஏனுங் ரெபரி, தூங்கி எந்திரிச்சு ஊதறீங்களா?"

"விசிலுக்குள்ள தண்ணி பூந்துருச்சாட்ட இருக்குது."

"கைய எறக்குங், கக்கத்துல காத்துப் பட்டது போதும்."

சிரிப்பு. கோபம் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. கை கனத்தது, அவ்வளவுதான். ஆட்டம் கோல் இல்லாமல் முடிந்தது.

தென்னை மரத்தடியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வேட்டிக்காரர் மகளோடு வந்தார். போன் காதில் இருந்தது.

"போட்டுட்டாங்கறேன். பந்து உள்ளதான் போச்சு. ரெபரி சாரே இங்கதான் நிக்கறாரு."

"அப்பா, அது ஆஃப்சைடுப்பா" என்றாள் மகள். "நாந்தான் முன்னாலயே போயி நின்னுட்டேன்."

"நீ பேசாத இரு அம்முணி."

"கோல் இல்லப்பா அது."

"நாளைக்கு டியூசன்ல போயி ஒக்காந்துட்டு இதையே சொல்லு."

அவர் போனை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"ஏனுங் சார், புள்ள பந்த உள்ள போட்டாளுங்களா?" ஒரு பெண் குரல். பின்னணியில் மோட்டார் ஓடும் சத்தம்.

"போட்டாங்க."

அவர் முகம் மலர்ந்தது. நான் நிறுத்தியிருக்கலாம். அரைச் செய்தியோடு நிறுத்திப் பழக்கமில்லை.

"ஆனா கோல் குடுக்கலீங்க."

"ஏனுங்?"

"எல்லாத்துக்கும் முன்னால போயி நின்னுட்டாங்க. அது விதிப்படி தப்புங்க."

வேட்டிக்காரர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் தோப்பைப் பார்த்தார்.

"வேகமா ஓடறவ முன்னாலதானுங் போயி நிப்பா" என்றது குரல். "இதென்னங் விதி. அவருகிட்டக் குடுங்."

கொடுத்தேன். அவர் இரண்டு முறை "ம்" என்றார். "ஆமா, முன்னாலதான் நின்னா. எல்லாத்துக்கும் முன்னால" என்றார். பிறகு போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மகளிடம், "ஞாயித்துக்கெழம பாலக்காட்டுக்கு மொத பஸ்ஸு. எந்திரிக்கலீன்னா உட்டுட்டுப் போயிருவேன்" என்றார். வண்டியை எடுக்கப் போனார்.

அவருக்காகவோ அவளுக்காகவோ நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முயன்று பார்த்தேன். ஊசி போட்ட கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோலத்தான் இருந்தது.

மகள் மட்டும் நின்றாள்.

"சார், எவ்ளோ முன்னால நின்னேன்?"

"ஒரு ஆள் அகலம் இருக்கும்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

காலால் மண்ணில் ஒரு கோடு இழுத்தாள். அதற்கு இந்தப் பக்கம் நின்றாள், பிறகு அந்தப் பக்கம் நின்றாள். அப்பா ஹாரன் அடித்தார். ஓடினாள்.